பரங்கிக்காய்ப் பானை

மார்கழி பிறந்துவிட்டால் தருமபுரிப் பக்கத்து ஊர்களில் வாசற்கோலத்தின் நடுவே, சாணியுருண்டையின்மேல் பரங்கிப் பூ அமர்ந்துகொள்ளும். பூ வாசலில் இருக்கக் காய் கூரைமேல் இருக்கும். ஆடிப்பட்டத்தில் எருக்குழியோரம் ஊன்றிய நான்கு விதை கிறிஸ்து பிறப்பு விழாவுக்குள் வீட்டுக்கும் அண்டைக்கும் போதுமான காயைத் தந்துவிடுகிறது. வீட்டில் கிடப்பதாலேயே அதற்கு மதிப்பில்லை. விழாச் சமையலில் அதைச் சேர்ப்பாரும் இல்லை. இம்மாதம் அந்தக் காயையே பானையாக்கி, அதனுள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் இட்டுச் சுடும் ஒரு பண்டத்தைப்பற்றி எழுத எண்ணுகிறோம்.

பிரான்சு நாட்டுக் குடியானவர் வீடுகளில் இது குளிர்காலத்து உணவு. அடுத்துள்ள சுவிட்சர்லாந்தில் பாலாடைக்கட்டியை ஒரு மண்சட்டியில் உருக்கி நடுவே வைத்து, வீட்டார் அனைவரும் ரொட்டித் துண்டை அதில் தோய்த்து உண்பார்கள். தனித்தனித் தட்டு அதற்குக் கிடையாது.

அயல்நாட்டுப் பண்டம் நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பரங்கிக்காயே அயல்நாட்டுக் காய்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்ததால், வந்தவரின் பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் இராபர்ட் தெ நோபிலி அடிகளார், தம்மைப் 'பரங்கி' என்று எவரும் அழைக்கலாகாது என்று எத்தனை பாடுபட்டார்! உடையை மாற்றினார், உணவை மாற்றினார், 1623-இல் சேந்தமங்கலம், சேலம் வரையில் வந்தார். அவர் உதறிய பெயரைக் காய் உதறவில்லை. ஆயினும் நம் கூரைமேல் அதை அயலான் என்று யாரும் எண்ணுவதில்லை.

பாலாடைக்கட்டி அப்படியன்று. பென்னாகரத்துக் காட்டோரத்தில் பெயர்பெற்ற ஆலம்பாடி மாடு உழவுக்கும் வண்டிக்கும் உரியது, பாலுக்கு அன்று. கன்று குடித்தது போக மிஞ்சியது மோருக்கும் நெய்க்குமே சரியாயிருந்தது. கலப்பினப் பசுக்களும் கூட்டுறவுப் பால் சங்கங்களும் வந்தபிறகே பால் பெருகியது. இன்றும் கடையில் விற்கும் கட்டி விலை கூடியதே. எனவே கடைக்கட்டி பாதி, வீட்டில் திரித்த பனீர் பாதி என்று வைத்துக்கொள்வது நம் வழக்கம். முழுவதும் பனீராக இட்டால் ஆகாது. கொதிக்கும் பாலை எலுமிச்சைச் சாற்றால் திரிக்கும்போது புரதம் இறுகிப் பிணைந்துகொள்கிறது. எவ்வளவு சூடு காட்டினாலும் அது உருகாது. ரென்னட் என்னும் உறைபொருளால் உறையவைத்த கட்டியே உருகி இழுபடும். பெங்களூரில் வல்லம்புரோசா பெனடிக்டுத் துறவியர் இத்தாலிய முறையில் செய்து பெயர்பெற்ற மொசரெல்லா அவ்வகையைச் சேர்ந்தது. கடையில் சிறு கட்டிகளாக விற்கும் பதப்படுத்திய சீஸும் நன்றாக உருகும்.

ஆறு பேருக்கு 2 கிலோ எடையுள்ள, உருண்டையான, தோல் தடித்த காய் ஒன்று தேவை. காம்பு உலர்ந்து கட்டையாக இருக்கவேண்டும். தட்டினால் உள்ளே வெறுமையாக ஒலிக்கவேண்டும். மேற்புறத்தைக் கத்தியைச் சாய்த்துப்பிடித்து மூடிபோல் அறுத்தெடுங்கள். நேராக அறுத்தால் வேகும்போது மூடி உள்ளே விழுந்துவிடும். விதையையும் நாரையும் வழித்தெடுத்துவிட்டு, உட்சுவரில் மிளகுத்தூளும் சிறிது உப்பும் தேயுங்கள். முந்தின நாள் ரொட்டி 150 கிராம் எடுத்துத் துண்டுகளாக்கி வாட்டிக்கொள்ளுங்கள். துருவிய சீஸ் 100 கிராம், அரை லிட்டர் பாலில் திரித்த பனீர், நசுக்கிய பூண்டு ஐந்து பல், நறுக்கிய வெங்காயத்தாள் ஒரு பிடி ஆகியவற்றை ரொட்டியோடு கலந்து காயினுள் இட்டு, 300 மில்லி காய்ச்சிய பாலை ஊற்றி மூடிவிடுங்கள். விளிம்புவரை நிரப்பாமல் ஒரு விரற்கடை விடவேண்டும். சீஸில் உப்பு உண்டு. கலவையில் தனியாக உப்புச் சேர்க்கவேண்டாம்.

மின்அடுப்பு உள்ளவர்கள் 180 டிகிரியில் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் வைத்தால் போதும். அது இல்லாத வீட்டில், கேக் சுடுவதற்கு நம் தாய்மார் கண்ட வழியே வழி. தடித்த குண்டானில் இரண்டு விரல் உயரம் ஆற்றுமணல் பரப்பி, அதன்மேல் ஒரு பிரிமணையை வைத்து மூடிப் பத்து நிமிடம் சூடேற்றுங்கள். பிறகு காயை ஒரு தட்டோடு உள்ளே இறக்கி, மூடியின்மேல் பாரம் வைத்துச் சிறுதீயில் விட்டுவிடலாம். இதில் நேரம் சற்றுக் கூடும். ஈர்க்குச்சி தோலின் வழியே தடையின்றி இறங்கினால் வெந்துவிட்டது என்று பொருள்.

தட்டு என்று சொன்னோமே, அதை மறக்கவேண்டாம். முதன்முறை நாம் தட்டில்லாமல் மணலின்மேலேயே வைத்தோம். வெந்த காயை இரு கையாலும் தூக்கியபோது அடிப்பகுதி குண்டானிலேயே தங்கிவிட்டது. சீஸ் முழுதும் மணலுக்குப் போயிற்று. அன்றைக்கு எல்லாருக்கும் தேநீரும் பன்னும்தான்.

இப்பண்டத்தின் குணம் ஒன்றை இனிச் சொல்லவேண்டும். ஆறினால் இது கெட்டது. சீஸ் இறுகிவிடும், ரொட்டி கனத்துவிடும். களியைப் போலவே சூட்டோடு உண்ணவேண்டியது. ஆகவே வருகிறவர்களுக்கு வருகிறபடி பரிமாற முடியாது. எல்லாரும் ஒரே வேளையில் உட்கார்ந்தாக வேண்டும்.

நம் வீடுகளில் விழா நாளன்று நடப்பதை வாசகர்கள் அறிவார்கள். ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் கடைசிப் பேருந்தில் வந்து சேருகிறார்கள். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்ததும் தகப்பனார் உண்கிறார், பிள்ளைகள் உண்கிறார்கள், விருந்தினர் உண்கிறார்கள். அடுப்பண்டையில் நின்றவள் கடைசியில் சட்டியைச் சுரண்டி, நின்றபடியே ஆறினதை உண்கிறாள். எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை; அவளை உட்காரச் சொல்வாரும் இல்லை. பரிமாறும் வேலை இருக்கும்வரை அவளும் உட்காரமாட்டாள் என்பதை நம் வீட்டிலேயே பல ஆண்டு கண்டோம்.

பரங்கிக்காய்ப் பானைக்குப் பரிமாறும் வேலை இல்லை. அதுவே அதை இங்கு எழுதக் காரணம். கோவிலுக்குப் புறப்படுமுன் காயைச் சுட்டு முடித்து அடுப்பை அணைத்துவிடுங்கள். தீயை எரியவிட்டுப் போவது கூடவே கூடாது. குண்டானைச் சாக்கினால் போர்த்திவைத்தால் மணலின் சூடு இரண்டு மணி நேரமேனும் நிற்கும். திரும்பிவந்து சாக்கை எடுத்துவிட்டுக் கால்மணி நேரம் தீ மூட்டினால் மறுபடி கொதிக்கத் தொடங்கும். அந்நேரத்தில் மகன் பாயை விரிக்கட்டும், மகள் கரண்டிகளை எடுத்துவரட்டும், தகப்பனார் குண்டானை இறக்கட்டும். தட்டோடு காயை நடுவே வைத்து, வெந்த சதையையும் சேர்த்து அவரவர் வழித்துக்கொள்ளவேண்டியதே. சென்ற ஆண்டு நம் வீட்டில் அப்படி வைத்தபோது, இல்லத்தரசி வழக்கம்போல் எழுந்து எதையோ எடுக்கப் போனார். "எதுக்கும்மா எந்திரிக்கிறே? எல்லாம் இங்கதான இருக்கு" என்றான் இளையவன். அவருக்கு எடுத்துவர ஒன்றும் இல்லை. உட்கார்ந்தார். முதற் கரண்டி அவருடையதாயிற்று.

தோலை மறுநாள் மாட்டுக்குப் போடலாம். விதையில் ஒரு பிடியைச் சாம்பலில் புரட்டி உலர்த்தி ஆடிக்கு எடுத்துவையுங்கள். மீதியை உப்பு நீரில் கழுவி வறுத்தால் பிள்ளைகள் கொறிப்பார்கள்.