அந்தக் கொக்கி எதுக்குடி?

ஆபீஸ் வேலையாக ஆம்ஸ்டர்டாம் போன அக்கா, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே ராத்திரியில் 86 படங்களைக் கொட்டினாள். கால்வாய், பாலம், பூங்கா, மறுபடியும் கால்வாய். பெரியப்பாவும் அத்தையும் ஆளுக்கொரு கட்டைவிரல் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள்.

அம்மா மட்டும் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். “வீட்டு உச்சியில கொக்கி இருக்கே, எதுக்குடி?”

அக்கா விசாரித்துச் சொன்னாள். அந்தக் கால்வாயோர வீடுகள் குறுகல். மாடிப்படி இன்னும் குறுகல். கட்டில், பீரோவையெல்லாம் அந்தக் கொக்கியில் கயிறு மாட்டித் தூக்கி, ஜன்னல் வழியாக உள்ளே இழுப்பார்களாம். சாமான் சுவரில் இடிக்காமலிருக்க, பல வீடுகளின் முகப்பையே சற்று முன்னால் சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள்!

குரூப் களைகட்டியது. 17-ம் நூற்றாண்டுக் கால்வாய்கள், 2010-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை என்றாள் அக்கா. வோண்டல் பூங்காவுக்கு ஒரு கவிஞரின் பெயர் என்றதும் அத்தைக்கு ஏக சந்தோஷம். எல்லோரும் செல்ஃபி எடுத்த ‘ஐ ஆம்ஸ்டர்டாம்’ எழுத்துகளை, ரைக்ஸ் மியூசியம் வாசலிலிருந்து 2018-லேயே எடுத்துவிட்டார்கள் என்பதும் தெரிந்தது.

அம்மா இதுவரை விமானம் ஏறியதில்லை. அவரைப் பொறுத்தவரை ஆம்ஸ்டர்டாம் என்பது அக்கா அனுப்பும் படம்தான்.

ஊர் சுற்றுகிறவர்களே, 86 வேண்டாம். பத்துப் படம் அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி எழுதுங்கள். வீட்டில் இருப்பவர்களும் கூட வருவார்கள்!