ஒட்டுண்ணி என்ற பழி

எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு வயதான பலாமரம் நிற்கிறது. கடந்த வருடம் வரை அதன் கவட்டில் பெரியதொரு பன்னம் வளர்ந்திருந்தது. "அது மரத்துட சத்தையெல்லாம் உறிஞ்சுது மகள், சுரண்டி வீசுங்க" என்றார் மூத்தும்மா. ஏணி வைத்து ஏறிக் கத்தியால் சுரண்டி வீசியவள் நான்தான்.

பன்னத்தோடு இரண்டு கை நிறையக் கறுப்பு மண்ணும் விழுந்தது. எறும்புகள் சிதறி ஓடின. ஒரு மட்டத்தேள் நெளிந்து போனது. இரண்டு பல்லி முட்டைகள் உடைந்து கிடந்தன. பன்னம் இருந்த இடத்தில் மரப்பட்டை எந்தக் காயமும் இல்லாமல் முழுதாக இருந்தது. ஒரு வேராவது பட்டையைத் துளைத்து உள்ளே போயிருக்கவில்லை. அதைக் கண்ட பின்னும் அன்று நான் எதையும் யோசிக்கவில்லை.

இந்த வருடம் உயிரியல் பாடத்தில் மேலொட்டித் தாவரங்களைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒட்டுண்ணி வேறு, மேலொட்டி வேறு. புல்லுருவி ஓர் ஒட்டுண்ணி. அது மரத்தின் திசுவுக்குள் இறங்கி நீரையும் கனியுப்புகளையும் எடுத்துக்கொள்கிறது. மரத்தில் வளரும் பன்னமோ மரத்திடம் கேட்பது நிற்பதற்கு ஓரிடம் மாத்திரமே. மழையிலிருந்து நீரையும் உக்கிய சருகிலிருந்து கனியுப்பையும் பெற்று, தன் உணவைத் தானே ஒளித்தொகுப்பால் தயாரிக்கிறது.

நான் சுரண்டிய பன்னத்தின் பெயர் டிரைனேரியா. அதற்கு இரண்டு வகை இலைகள் உண்டு. பச்சை இலைகள் உணவு தயாரிக்கின்றன. அடியிலுள்ள குட்டை இலைகள் கபில நிறமாகிக் காய்ந்தாலும் உதிர்வதில்லை. கூடை போல நின்று, மேலிருந்து விழும் சருகுகளைப் பிடித்து வைக்கின்றன. அந்தக் கறுப்பு மண் அப்படி உண்டானது. காய்ந்த குப்பை என்று நான் நினைத்தது அந்தப் பன்னம் தனக்காகச் சேர்த்த தோட்டம்.

சிங்கராஜா வனத்துக்குக் கல்விச் சுற்றுலா போனபோது இதைப் பெரிய அளவில் கண்டேன். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த மழைக்காடு அது. வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறுகிறது. அங்கே வெறுமையான அடிமரத்தைக் காண்பதே அரிது. இத்தகைய காடுகளில் வளரும் மென்படலப் பன்னங்களின் இலைப்பரப்பு பெரும்பாலும் ஒரேயொரு கல அடுக்குத் தடிப்பே கொண்டது. ஈரம் குறைந்தால் அவை சுருண்டுவிடும். 1970களில் ஒட்டுப்பலகைக்காகச் சிங்கராஜாவில் மரம் வெட்டினார்கள். மக்களின் எதிர்ப்பினால் அது நிறுத்தப்பட்டது. நிறுத்தப்படாதிருந்தால், வெயில் உள்ளே இறங்கி, மரங்களோடு சேர்ந்து இந்த மெல்லிய உயிர்களும் போயிருக்கும்.

பறவைக்கூட்டுப் பன்னத்தைப் பற்றி 2004இல் 'நேச்சர்' சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. போர்னியோக் காட்டின் உயர்ந்த மரங்களில் அதை ஆராய்ந்தவர்கள், ஒரு பெரிய பன்னத்துக்குள் வாழும் சிற்றுயிர்களின் மொத்த நிறை, அம்மரத்தின் முடியில் எஞ்சிய பகுதியெங்கும் வாழ்பவற்றின் நிறைக்கு ஏறத்தாழச் சமனாக இருக்கலாம் எனக் கண்டார்கள். இதையா நாம் ஒட்டுண்ணி என்கிறோம்?

பன்னம் பாரமாகிக் கிளையை முறிக்காதா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நீரை உறிஞ்சிய பெரிய பன்னம் மிகவும் பாரமானது. பலவீனமான கிளை முறியக்கூடும். வீட்டுக் கூரைக்கு மேலே அப்படியொரு கிளை இருந்தால் பன்னத்தை அகற்றுவதில் தவறில்லை. பாரத்துக்காக அகற்றுவது வேறு, செய்யாத திருட்டுக்காகத் தண்டிப்பது வேறு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சுற்றுலா முடிந்து பஸ்ஸில் ஏறும்போது, எங்களில் ஒருத்தியின் பையில் ஈரக் கடதாசியில் சுற்றிய பன்னம் ஒன்று இருந்தது. வீட்டுச் சாடியில் வைக்க ஆசைப்பட்டாளாம். பாதுகாக்கப்பட்ட காட்டிலிருந்து செடி பிடுங்குவது சட்டப்படி குற்றம். அது தெரிந்தும் நாங்கள் எல்லோரும் பேசாமல் இருந்தோம். அந்தப் பன்னம் இரண்டு கிழமையில் கருகிவிட்டது. வெறுப்பினால் நான் ஒன்றை அழித்தேன், விருப்பத்தினால் அவள் ஒன்றை அழித்தாள். பன்னத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆகவே என் கருத்து இதுதான்: வளவில் உள்ளதை ஆராயாமல் சுரண்ட வேண்டாம், காட்டில் உள்ளதை ஆசைப்பட்டுப் பிடுங்க வேண்டாம். வளர்க்க விரும்பினால் நாற்றுமேடையில் வளர்த்ததை வாங்குவோம்.

பலாமரம் இந்த வருடமும் முன்பு போலத்தான் காய்த்தது, கூடவுமில்லை, குறையவுமில்லை. கவட்டில் நான் சுரண்டாமல் விட்ட வேர்த்தண்டின் துண்டொன்றிலிருந்து சிறிய இலையொன்று எட்டிப் பார்க்கிறது. மூத்தும்மாவிடம் காட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப இருக்கட்டும் மகள்" என்றார்.