மேகம் பார்ப்போரை யார் பார்ப்பது?

புதுதில்லி:

வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலை மலை சரிந்தது. மறுநாள் நாடாளுமன்றத்தில் சர்ச்சைக்கு உள்ளானது வானிலை எச்சரிக்கை. 23-ம் தேதியே கேரள அரசை எச்சரித்துவிட்டோம் என்றார் உள்துறை அமைச்சர் அமித் ஷா. பேரழிவு நிகழும் வரை சிவப்பு எச்சரிக்கை வரவில்லை என்று மறுத்தார் அம்மாநில முதல்வர் பினராயி விஜயன்.

தமிழகத்துக்கும் இது புதிதல்ல. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. வானிலைக் கணிப்பு போதுமானதாக இல்லை என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் தில்லியில் குறை கூறினார். டிசம்பர் 12-ம் தேதியே சென்னை மையம் எச்சரித்தது என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பதிலளித்தார்.

இவ்விரு சர்ச்சைகளிலும் மத்திய அரசுக்கு அந்த அறிக்கை கேடயம். மாநில அரசுக்கு அதுவே குற்றவாளி. அதை எழுதிய மனிதர்கள் எத்தகைய சூழலில் பணிபுரிகிறார்கள் என்ற கேள்வி மட்டும் எழவில்லை.

பெங்களூரு அரண்மனை சாலையில் உள்ள வானிலை ஆய்வு மையத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சென்னை மண்டல மையத்தின் நிர்வாகத்தின்கீழ் இயங்குவது இது. மைசூர் சமஸ்தான காலத்தில், சென்ட்ரல் கல்லூரி முதல்வர் ஜான் குக்கின் முயற்சியால் 1890-களிலேயே அங்கு முறையான வானிலைப் பதிவு தொடங்கிவிட்டது. அந்த நீண்ட பதிவேடு இருப்பதால்தான், 2024 ஜூன் 2-ம் தேதி நகரில் பெய்த 11.1 செ.மீ. மழை, ஜூன் மாதத்தில் 133 ஆண்டுகளில் ஒரே நாளில் பெய்த மிக அதிக மழை என்று அறிவிக்க முடிந்தது.

இரவும் பகலும் பணி: வானிலை அலுவலகத்துக்கு ஞாயிறு கிடையாது, தீபாவளியும் கிடையாது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, உலகெங்கும் ஒரே நேரத்தில், வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம் ஆகியவை பதிவாக வேண்டும். நாளின் மழைக்கணக்கு காலை 8.30 மணிக்கு முடிகிறது. மேல்வளி ஆய்வுக்கான பலூன் விடியற்காலையிலேயே பறந்தாக வேண்டும். விமான நிலையப் பிரிவிலோ அரைமணிக்கொரு அறிக்கை. எனவே சுழற்சிமுறைப் பணி. பிற அரசு ஊழியர்கள் மழைக்கு விடுமுறை கிடைக்குமா என்று பார்க்கும் நாளில், இவர்கள் விடுப்பைத் துறந்து பணிக்கு வர வேண்டும். குடும்ப விழாக்களையும் பருவமழையை அனுசரித்தே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்பணிக்குப் பெரும்பாலோர் வரும் வழி, அறிவியல் உதவியாளர் தேர்வு. மத்திய பணியாளர் தேர்வாணையம் 2017-ல் 1,102 இடங்களுக்கும், அடுத்து 2022-ல் 990 இடங்களுக்கும் அறிவிப்பு வெளியிட்டது. ஐந்தாண்டு இடைவெளியில் ஆயிரத்தை ஒட்டிய காலியிடங்கள் சேர்ந்தால், அதுவரை இருந்தவர்கள்தான் அந்தச் சுமையையும் தாங்கியிருக்க வேண்டும். தேர்வானவர் நாட்டின் எந்த மூலைக்கும் மாற்றப்படலாம். பெங்களூரில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தவர் அடுத்து எங்கே இருப்பார் என்பது அவருக்கே தெரியாது. வானிலையைக் கணிப்பவருக்குத் தன் மாறுதலைக் கணிக்க முடியவில்லை.

பதவி உயர்விலும் இரு அடுக்குகள் உள்ளன. விஞ்ஞானிப் பதவியில் நேரடியாகச் சேர்ந்தோர், காலியிடத்துக்குக் காத்திராமல் தகுதி மதிப்பீட்டின் பேரில் மேலே செல்லலாம். உதவியாளராகச் சேர்ந்தவருக்கு அந்த வாய்ப்பில்லை. மேலே இடம் காலியாகாவிட்டால் 10, 20, 30 ஆண்டுகளில் ஊதிய நிலை மட்டும் உயரும். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த பெங்களூரில், இயற்பியல் பட்டதாரி ஒருவர் இப்பணியில் நீடிப்பதற்கு ஆர்வம் ஒன்றே காரணமாக இருக்க முடியும்.

அன்னா மணி சொல்லும் பாடம்: அத்தகைய ஆர்வத்துக்கு இந்நகரிலேயே முன்னுதாரணம் உண்டு. பீருமேட்டில் 1918-ல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மணி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. ராமனிடம் வைரம், மாணிக்கக் கற்களின் ஒளி இயல்பை ஆராய்ந்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று காரணம் காட்டி, சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கவில்லை. மேற்கொண்டு இயற்பியல் படிக்க விரும்பியவருக்குக் கிடைத்தது, வானிலைக் கருவிகள் பற்றி லண்டனில் பயில்வதற்கான உதவித்தொகை. 1948-ல் வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து தருவித்த கருவிகளை உள்நாட்டிலேயே தயாரிக்க வழிவகுத்தார். 1976-ல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வுபெற்ற பின் பெங்களூரு திரும்பி, காற்றின் வேகத்தையும் சூரிய ஆற்றலையும் அளக்கும் கருவிகளுக்காகப் பட்டறை அமைத்தார். மணம் புரியாமல் பணிக்கே வாழ்வை அளித்த அவர் 2001-ல் மறைந்தார். அவரது உழைப்பால் துறை பயன் பெற்றது. பட்டம் மட்டும் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

இன்று நிதிக்குப் பஞ்சமில்லை. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை, 'மிஷன் மௌசம்' திட்டத்துக்கு ஈராண்டுகளுக்கு ரூ. 2,000 கோடி ஒதுக்கியது. அதே மாதம் ரூ. 850 கோடியில் 'அர்க்கா', 'அருணிகா' என்ற அதிவேகக் கணினிகள் பயன்பாட்டுக்கு வந்தன. இவை தேவையானவையே. சென்னைக்கு 2002-லேயே டாப்ளர் ரேடார் வந்தும், 20 ஆண்டுகளுக்குப் பிறகுகூட பெங்களூருக்கென ஒன்று இல்லாதிருந்ததை மறக்க முடியாது.

ஆனால் அதே 2024-ல் நடந்த மற்றொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேளாண் அறிவியல் மையங்களில் செயல்பட்ட 199 மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகள் மார்ச் மாதத்தோடு மூடப்பட்டன. ஒப்பந்த அடிப்படையில் அங்கு பணியாற்றிய இளம் வல்லுநர்கள் வேலை இழந்தனர். கணினி தரும் மழை அளவை, "இந்த வாரம் உரமிட வேண்டாம்" என்று விவசாயிக்குப் புரியும்படி மாற்றிச் சொன்னவர்கள் இவர்கள். இயந்திரத்துக்குக் கோடிகள் ஒதுக்கிய ஆண்டிலேயே, அதன் பேச்சை வயலுக்குக் கொண்டு சென்றவர்கள் வெளியேற்றப்பட்டனர்.

கணினி மாதிரிகள் பல முடிவுகளைத் தருகின்றன. அவற்றுள் எதை நம்புவது, ஆரஞ்சா, சிவப்பா என்று கடைசியில் தீர்மானிப்பது, பணிநேரத்தில் விழித்திருக்கும் ஒரு மனிதர். அவர் தவறினால் உயிர்கள் போகும். அஞ்சி அடிக்கடி சிவப்பு காட்டினால் மக்கள் நம்ப மாட்டார்கள். அந்த நாற்காலி காலியாக இருந்தாலோ, இரட்டைப் பணியால் களைத்தவர் அதில் அமர்ந்திருந்தாலோ, எந்த அதிவேகக் கணினியும் ஈடு செய்யாது.

புவி அறிவியல் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை அடுத்து நிலைக்குழுவின் முன் வரும்போது, எத்தனை ரேடார் என்று உறுப்பினர்கள் கேட்பார்கள். எத்தனை பணியிடம் காலி, தேர்வு ஏன் ஆண்டுதோறும் இல்லை, மூடிய மாவட்டப் பிரிவுகளில் இருந்தவர்களின் கதி என்ன என்றும் அவர்கள் கேட்க வேண்டும். பேரிடர் முடிந்தபின் அவையில் எச்சரிக்கையின் தேதியை எண்ணுவதைவிட, அந்தக் கேள்விகளுக்கு விடை பெறுவதே பயன் தரும்.