நெசவாளர் குடியிருப்புக்குக் கூட்டுச் சூரிய மின்நிலையம் கோரும் மனு

அனுப்புநர்: செயலாளர், நெசவாளர் சங்கம், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், காஞ்சிபுரம்.
பார்வை: எங்கள் முந்தைய மூன்று கடிதங்கள்.



பிள்ளையார்பாளையத்திலும் சுற்றுத் தெருக்களிலும் பட்டு நெய்யும் குடும்பங்களின் சங்கம் நாங்கள்.

சென்ற ஆடியில் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு முதல் கடிதம் எழுதினோம். சொந்த மாடி இல்லாத நெசவாளர்கள் சேர்ந்து ஒரு பொதுக் கட்டடத்தின் மேல் சூரியத் தகடு அமைத்து, கிடைக்கும் யூனிட்டை அவரவர் மின் கட்டணத்தில் கழித்துக்கொள்ள வழி கேட்டோம். பதில் இல்லை. ஐப்பசியில் அதே கடிதத்தைக் கணக்கோடு அனுப்பினோம். "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி வந்தது. தையில் நேரில் கொடுத்த மூன்றாவது கடிதத்துக்கு ஒப்புகைச் சீட்டு மட்டும் எங்களிடம் இருக்கிறது. ஆகவே எல்லாவற்றையும் மறுபடி எழுதுகிறோம்.

1. கூட்டுச் சூரிய மின்நிலையம்

பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மாடியில் தகடு அமைக்க 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் வாடகை வீட்டில் குழி வெட்டித் தறி போட்டவருக்கு மாடி ஏது? சொந்த வீடு உள்ளவர் பலருக்கும் மேலே நாட்டு ஓடு. தகட்டின் பாரம் தாங்காது. பத்திரமோ தாத்தா பெயரில், பங்காளிகள் நான்கு பேர். மின்சாரமோ பகலிலும் தேவை. இந்த வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி உள்ளே நீண்டு போகின்றவை. நடுப்பகலிலும் விளக்கு எரிந்தால்தான் தறியில் ஜரிகை இழை கண்ணுக்குத் தெரியும். கோர்வையில் கரையும் உடலும் சேருமிடத்தில் இழை தப்பினால் கூலியில் பிடித்தம்.

"கைத்தறிக்கு இரு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம் இருக்கிறதே" என்கிறார்கள். 2023-இல் 200-லிருந்து 300 ஆக உயர்த்தியதற்கு நன்றியுடையோம். ஆனால் அந்த இலவச மின்சாரத்துக்கான பணத்தை அரசு மானியமாகச் செலுத்துகிறது. எங்கள் பங்கை நாங்களே உற்பத்தி செய்தால் அந்தச் சுமையும் குறையும். ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 50 கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 73,000 யூனிட். இரு மாதத்துக்கு 300 யூனிட் வீதம் 40 குடும்பங்களின் தேவை 72,000. இதற்குச் சுமார் 5,000 சதுர அடி கூரை போதும்.

முன்னுதாரணம் இல்லை என்று அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள். உண்டு. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி, அன்றைய தலைவர் ஆர். சண்முகம் முன்னின்று நடத்த, 2006-இல் சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. பெரும்பகுதி வங்கிக் கடன். காற்றாலை நின்றது ஓடந்துறையில் அல்ல. காற்று வீசும் உடுமலைப் பக்கத்தில். ஊராட்சித் தேவைக்கு மேற்பட்ட மின்சாரம் மின்வாரியத்துக்குப் போனது. அந்த வருமானத்தில் கடனும் அடைந்தது. மின்சாரம் ஓரிடத்தில் பிறந்து, பயன் வேறோர் ஊருக்குச் சேரலாம் என்பதை இந்த மாநிலம் அன்றே ஏற்றுக்கொண்டது. ஓர் ஊராட்சிக்கு இயன்றது, அடுத்தடுத்த தெருக்களில் வாழும் நாற்பது குடும்பங்களுக்கு ஏன் இயலாது? இந்தக் கேள்வியை மூன்று கடிதங்களிலும் கேட்டோம். வந்த அந்த ஒரு வரிப் பதில் ஓடந்துறை என்ற பெயரைக்கூடத் தொடவில்லை.

டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-லேயே ஒரு நிலையத்தின் யூனிட்டைப் பல இணைப்புகளுக்குப் பகிரும் விர்ச்சுவல் நெட் மீட்டரிங்குக்கு நெறிமுறை வகுத்தது. அம்முறையில் அமைவதற்கும் சூரிய வீடு மானியம் பொருந்தும் என்று மத்திய அமைச்சகத்தின் 2024 ஜூன் வழிகாட்டுதல் சொல்கிறது. கூட்டுறவுச் சங்கக் கட்டடம் அல்லது மாநகராட்சிக் கட்டடம் ஒன்றின் மேல்தளத்தைக் குத்தகைக்குத் தந்து, வாடகைதாரர்களையும் பங்குதாரராகச் சேர்க்க உத்தரவிட வேண்டுகிறோம்.

2. 10 கிலோவாட் வரையிலான சூரிய மின் விண்ணப்பங்களைத் தொழில்நுட்ப ஆய்வின்றி ஏற்க வகைசெய்யும் மத்திய மின் விதிகளின் 2024 பிப்ரவரித் திருத்தத்தை இங்கு முழுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும்.

3. விண்ணப்பப் படிவம் தமிழில் கிடைக்க வேண்டும்.

4. நெசவாளர் தெருக்களில் மாதம் ஒருமுறை மின் குறைதீர் முகாம் நடத்த வேண்டும்.

முதல் கோரிக்கைக்கு ஆம் அல்லது இல்லை என்றும், இல்லையெனில் எந்த விதி தடுக்கிறது என்றும், 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கக் கோருகிறோம். மூன்று கடிதங்களின் நகலும் ஒப்புகைச் சீட்டும் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
செயலாளர்