வான்கோழிக்குக் கடிகாரம் பார்க்காதீங்க சாமி!

நவம்பர் நான்காவது வியாழன் நெருங்கினால் போதும், அமெரிக்காவில் இருக்கும் நம்ம ஜனங்களில் பாதிப் பேர் புகையடுப்பு நிபுணர்கள் ஆகிவிடுவார்கள். "225 டிகிரி, பவுண்டுக்கு அரை மணி, அவ்ளோதான் மச்சி!" அந்த "அவ்ளோதான்" மேலதான் எனக்குச் சண்டை.

அந்தமான்ல, டெய்ரி ஃபார்ம்ல உட்கார்ந்துக்கிட்டு உனக்கெதுக்கு வான்கோழிப் பஞ்சாயத்து என்பீர்கள். எங்க வீட்டிலும் டிசம்பரில் டிரம் அடுப்பில் முழுக்கோழிக்குப் புகை போடுகிறோம். கோழியோ வான்கோழியோ, சால்மோனெல்லாவுக்கு ஒரே கணக்குதான்.

முதல் விஷயம். 225 என்பது மாட்டு நெஞ்சுக்கறிக்கான எண். அதில் கொழுப்பும் கெட்டியான திசுவும் உண்டு, உருக நேரம் வேண்டும். வான்கோழி நெஞ்சில் என்ன இருக்கிறது உருக? மெதுவாக வேகவைத்தால் தோல் ரப்பர் ஆவதுதான் மிச்சம். அதைவிட மோசம், உள்கறி கிருமி பெருகும் 40 முதல் 140 டிகிரிக்குள் (4-60 செல்சியஸ்) வெகுநேரம் கிடக்கும். அமெரிக்க வேளாண் துறை அடுப்புக்குச் சொல்வது 225 முதல் 300 ஃபாரன்ஹீட். நீங்க பிடித்துத் தொங்குவது அதன் அடிப்படியை! 275-300-ல் வையுங்கள். பறவை 12 பவுண்டுக்குள் (ஐந்தரை கிலோ) இருக்கட்டும். வயிற்றுக்குள் பிரியாணி திணிக்கும் வித்தையெல்லாம் புகையடுப்பில் வேண்டாம்.

இரண்டாவது, வெந்ததா என்று எப்படித் தெரியும்? நிறம் பார்த்தா? புகையில் உள்ள வாயுக்கள் வெந்த கறியையே இளஞ்சிவப்பாக்கும். கறிச்சாறு தெளிவாக வருவதும் சாட்சி ஆகாது. ஒரே சாட்சி 165 டிகிரி (74 செல்சியஸ்). 2006-ல் அந்தத் துறை கோழி வகைகளுக்கெல்லாம் பொதுவாக அறிவித்த எண் இது. நெஞ்சின் தடித்த இடம், தொடையின் உள்பக்கம், இறக்கையின் உள்பக்கம் என்று மூன்று இடத்தில் குத்திப் பாருங்கள், எலும்பில் படாமல். மூடியில் இருக்கும் முள்ளை நம்பாதீர்கள். அது காட்டுவது மேலே நிற்கும் காற்றின் சூட்டை.

"எங்கம்மா தெர்மாமீட்டர் வெச்சா கோழி சமைச்சாங்க?" வந்துவிட்டதா கேள்வி? அம்மா சின்னத் துண்டாகப் போட்டு, கொதிக்கிற குழம்பில் வேகவைத்தார்கள். கொதிக்கிற தண்ணி 100 செல்சியஸ். குழம்பேதான் அவங்க தெர்மாமீட்டர்! ஐந்து கிலோ முழுப் பறவையை அனல்காற்றில் வைப்பது வேற சமாச்சாரம். அம்மா பெயரைச் சொல்லி அதை நியாயப்படுத்தாதீர்கள்.

அந்த மேஜையில் யார் உட்காருகிறார்கள் என்று யோசியுங்கள். மாசமாக இருக்கும் தங்கச்சி, ரெண்டு வயசுக் குழந்தை, விசிட்டர் விசாவில் வந்த, காப்பீடு சரியாக இல்லாத அப்பா அம்மா. ஆஸ்பத்திரி பில் யார் கட்டுவது?

உறைந்த பறவையை மேஜைமேல் வைத்து இளக்காதீர்கள். ஃபிரிட்ஜுக்குள் நாலைந்து பவுண்டுக்கு ஒரு நாள் கணக்கு. மிச்சக் கறி ரெண்டு மணி நேரத்தில் உள்ளே போகணும், வெளியே 32 செல்சியஸ் தாண்டினால் ஒரு மணி நேரம். எங்க தீவுப் புழுக்கத்தில் நான் எப்பவுமே ஒரு மணிதான்.

பேங்க்கில் நோட்டுக்கட்டைக் கண்ணால் பார்த்து "சரியாத்தான் இருக்கும்" என்று வாங்குவதில்லை, எண்ணித்தான் வாங்குவோம். தெர்மாமீட்டர் விலை அந்த வான்கோழியின் விலையைவிடக் குறைவு. வாங்குங்க சாமி, அப்புறம் பீரைத் திறக்கலாம் :-)