பைல் மாறாது, நினைவு மாறும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவரிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி, "மெமரி எவ்வளவு?" என்பதுதான். அவரும் 8 ஜிபி, 16 ஜிபி என்று சட்டென்று சொல்லிவிடுவார். மனிதனின் மெமரி எப்படி இயங்குகிறது? சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் எனக்கு இதைப் புரிய வைத்தது ஓர் அனிமேஷன் படம்.

பிக்ஸார் நிறுவனம் 2015 இல் வெளியிட்ட 'இன்சைட் அவுட்' படத்தை இயக்கியவர் பீட் டாக்டர். ஊர் மாறிச் செல்லும் 11 வயதுச் சிறுமி ரைலியின் தலைக்குள் மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், அருவருப்பு ஆகிய ஐவர் உட்கார்ந்து அவளை இயக்குகிறார்கள். இது நமக்குப் புதிதல்ல. பொதிகை மலை அகத்தியரின் மாணவர் என்று மரபு கூறும் தொல்காப்பியர், மெய்ப்பாடு எட்டு என்று வகுத்தார். உவகை, அழுகை, வெகுளி, அச்சம், இளிவரல் என்று இந்த ஐந்தும் அதில் இருக்கின்றன.

படத்தில் ஒவ்வொரு நினைவும் ஒரு கண்ணாடி உருண்டை. மகிழ்ச்சியான நினைவு மஞ்சள் நிறம். சோகம் அதைத் தொட்டால் நீலமாகிவிடும். இதை முதலில் பார்த்தபோது வேடிக்கையாக இருந்தது. பிறகு எங்கள் வீட்டிலேயே அது நடந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி வெள்ளம் நெல்லையில் எங்கள் வீட்டுக்குள்ளும் புகுந்தது. போட்டோ ஆல்பங்கள் கூழாகிவிட்டன. பாபநாசம் படித்துறையில் தாத்தா என்னைக் குளிப்பாட்ட, நான் அலறும் படத்தை மட்டும் முன்பே ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். ஆச்சி அதைப் பார்க்கும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பாள். வெள்ளம் வடிந்த பிறகு லேப்டாப்பில் திறந்து காட்டினேன். "எய்யா, அந்த ஆல்பம் அவுக கையால ஒட்டுனதுல்லா" என்று அழுதாள். பிறகு என் அலறலைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த ஜேபெக் பைலில் ஒரு பிட்கூட மாறவில்லை. மாறியது ஆச்சியின் நினைவு. நினைத்துப் பார்க்கும்போதே நினைவு மாறக்கூடும் என்று உளவியலும் சொல்கிறது. படத்தின் முடிவில் மஞ்சளும் நீலமும் கலந்த ஓர் உருண்டை வருகிறதே, அதைத்தான் ஆச்சியின் முகத்தில் பார்த்தேன்.

இதைக் கேமராவால் படம் பிடிக்க முடியாது. அழும் முகத்தை எடுக்கலாம். நினைவு நிறம் மாறுவதை வரைந்துதான் காட்ட வேண்டும். 2014 இல் வந்த 'கோச்சடையான்' நடிகர்களின் அசைவைப் பதிவு செய்து உருவாக்கப்பட்டது. மறைந்த நாகேஷையும் திரையில் கொண்டுவந்தார்கள். துணிச்சலான முயற்சிதான். ஆனால் முகத்தை நகலெடுப்பது வேறு, மனதை வரைவது வேறு. அசல் போலத் தெரியாத ரைலிதான் என்னைக் கலங்க வைத்தாள்.

நீங்களும் வீட்டுப் பழைய படங்களை ஸ்கேன் செய்யுங்கள். ஒரு காப்பியை வெளியூரில் உள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். அதோடு, படத்தைப் பார்த்துப் பெரியவர்கள் சொல்வதையும் செல்போனில் பதிவு செய்து அதே போல்டரில் போடுங்கள். படத்தை ஹார்ட் டிஸ்க் காப்பாற்றும். அதன் நிறத்தை அவர்கள்தான் சொல்ல முடியும்.