நடராஜன் விலை என்ன? எக்ஸெல்லிடம் கேட்டுப் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல்லைத் திறந்ததும் வீட்டுச் செலவுக் கணக்கைத்தான் முதலில் போடுவார்கள். இந்த முறை அதற்குப் பதில் ஒரு கிரிக்கெட் வீரரின் விலையைப் போட்டுப் பாருங்கள்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த டி. நடராஜனை ஐ.பி.எல். அணிகள் ஏலத்தில் எடுத்த தொகை இது: 2017-ல் 3 கோடி, 2018-ல் 40 லட்சம், 2022-ல் 4 கோடி, 2024 நவம்பரில் 10.75 கோடி ரூபாய். முதல் நெட்டு வரிசையில் வருடங்களை டைப் செய்யுங்கள். அடுத்த வரிசையில் லட்சக் கணக்கில் 300, 40, 400, 1075 என்று டைப் செய்யுங்கள். தொகைகளுக்குக் கீழே உள்ள செல்லில் கர்சரை வைத்து, ஆட்டோசம் பட்டனில் உள்ள ஆவரேஜைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுங்கள். 453.75 என்று வரும். கணக்கு சரிதான். ஆனால் எந்த அணியும் அவரை அந்த விலைக்கு எடுக்கவில்லை!

ஏனென்றால் ஏலத் தொகை, திறமையை மட்டும் அளந்து சொல்லும் எண் அல்ல. அணியின் கையிருப்பில் எவ்வளவு மிச்சம், இடது கை வேகப்பந்து வீச்சாளர் தேவையா, இன்னொரு அணியும் கை தூக்குகிறதா என்பதெல்லாம் அதில் கலந்திருக்கிறது. 2018-க்கும் 2022-க்கும் இடையில், ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் இந்தியாவுக்காக மூன்று வகை ஆட்டங்களிலும் நடராஜன் அறிமுகமானார். 40 லட்சத்துக்குப் போனபோதும் அதே கைதான் பந்து வீசியது.

கால்பந்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 2017-ல் பார்சிலோனாவிலிருந்து நெய்மாரை எடுக்க பாரிஸ் அணி 22.2 கோடி யூரோ கொடுத்தது. 2021-ல் அதே பார்சிலோனாவிலிருந்து அதே பாரிஸுக்கு மெஸ்ஸி வந்தபோது மாற்றுக் கட்டணம் பூஜ்யம். அவருடைய ஒப்பந்தம் முடிந்திருந்தது, அவ்வளவுதான். வயது, ஆடும் இடம், காயம் எல்லாவற்றையும் கிளப்புகள் பார்க்கின்றன. ஆனால் ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் பாக்கி என்பது விலையையே புரட்டிப் போடுகிறது. மெஸ்ஸியின் மதிப்பு பூஜ்யம் என்று யாராவது சொல்வார்களா?

இதை நான் எழுத ஒரு காரணம் உண்டு. ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலைக்கு சாஃப்ட்வேர் எழுதுவது என் வேலை. பயிற்சித் தொழிலாளர்களின் வருகை, உற்பத்தி எண்ணிக்கை, கழிவு மூன்றையும் கூட்டி மதிப்பெண் போடும் ரிப்போர்ட் நான் எழுதியது. ஒருமுறை பட்டியலில் கடைசியாக வந்த பையனுக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. லைனுக்குப் போய் விசாரித்தேன். அடிக்கடி நின்றுபோகும் பழைய மெஷினில் அவனைப் போட்டிருந்தார்கள். அதை ஓட்டத் தெரிந்தவன் அவன் ஒருவன்தானாம். என் ரிப்போர்ட்டில் மெஷின் எண்ணுக்கு ஒரு வரிசை இல்லை. இப்போது சேர்த்துவிட்டேன். அவன் ஊருக்குப் போய்விட்டான்.

நடராஜனுக்கு அடுத்த ஏலம் என்று ஒன்று வந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஷிப்ட் பஸ் பிடிக்கும் எல்லாருக்கும் அது வருவதில்லை.

ஆகவே எக்ஸெல்லை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். நாளை உங்கள் கடையிலோ ஆபீசிலோ ஆட்களுக்கு மதிப்பெண் போடும் வேலை உங்களிடம் வரலாம். என்டர் தட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஷீட்டில் எந்த வரிசை விட்டுப்போயிருக்கிறது? அதை நாம்தான் தேடிச் சேர்க்க வேண்டும். கம்ப்யூட்டர் தானாகக் கேட்காது.